முதலைக்குச் சொந்தம் கொக்கு

கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்கா 1876-ல் திறக்கப்பட்டது. உள்ளே ஒரு ஏரி. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகி என்னும் சிறு வாத்துகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கியதால் பெயர் பெற்றது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்த காலத்தில் அந்த வரவு குறைந்துபோனது பெரிய இழப்புதான். அந்தப் பறவைகளின் தூரத்துச் சொந்தம் அதே வளாகத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது: முதலை.

முதலையைப் பல்லி, ஓணான் வகையறாவில் சேர்ப்பதே நம் வழக்கம். ஆனால், இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு பறவைகள்தான். பல்லியின் இதயத்துக்கு மூன்று அறை. முதலைக்கும் கொக்குக்கும் நான்கு. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்புகிறது. இவை இரண்டிலும் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் நுண்குழாய்களில் அது ஒரே திசையில் ஓடுகிறது.

தாய்ப்பாசத்திலும் அப்படியே. உவர்நீர் முதலை இலைதழைகளைக் குவித்துக் கூடு கட்டி, முட்டையிட்டு, ஏறக்குறைய மூன்று மாதம் காவல் இருக்கும். கூட்டின் வெப்பநிலைதான் குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. பொரியும் தறுவாயில் குட்டிகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் கூட்டைத் தோண்டி, எலும்பை நொறுக்கும் அதே வாயில் குட்டிகளைப் பதமாகக் கவ்வித் தண்ணீரில் விடும்.

பூங்காவில் முதலை கம்பிக்கு அருகே வந்தால் அதன் தாடையைக் கவனியுங்கள். செதில்களில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். அழுக்கல்ல, உணர்வு உறுப்புகள். நீரில் எழும் மெல்லிய அதிர்வைக்கூட அவை கண்டுகொள்ளும். வாயைப் பிளந்தபடி கிடப்பது பெரும்பாலும் உடல் சூட்டைத் தணிக்கத்தான்.

தோலுக்காக வேட்டையாடி இந்த இனத்தை ஏறக்குறைய முடித்தே விட்டிருந்தோம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் சுந்தரவனத்தின் பகவத்பூரில் உவர்நீர் முதலைப் பண்ணை தொடங்கியது. அங்கே வளர்ந்த குட்டிகள் ஆற்றில் விடப்பட்டன. அதே ஆண்டில்தான் நம் வடநெம்மேலி முதலைப் பண்ணையும் பிறந்தது.

அசையவில்லையே என்று முதலை மேல் கல் எறியாதீர்கள். பிள்ளைகளையும் எறிய விடாதீர்கள். பத்து நிமிடம் பொறுமையாக நின்று பாருங்கள். அலிப்பூர் பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை.