பெரிய பல்கலைக்கழகத்தின் சின்ன மடங்கள்

ஆக்ஸ்ஃபோர்டின் பெரும்பாலான கல்லூரிகளின் சாப்பாட்டுக் கூடங்களில் ஆசிரியர்களுக்கென்று தனி மேசை உண்டு. மாணவர்கள் தள்ளித்தான் உட்கார வேண்டும். செயின்ட் பெனட்ஸ் ஹாலில் அந்த வழக்கம் இருக்கவில்லை. நீளமான ஒரே மேசை. துறவியும் பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் அதில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆம்பிள்ஃபோர்த் மடத்தின் பெனடிக்ட் சபைத் துறவிகள் 1897-ல் தொடங்கிய இடம் அது.

இத்தகைய ஹால்களுக்கும் கல்லூரிகளுக்கும் பாடம், தேர்வு, பட்டம் எல்லாம் ஒன்றுதான். நிர்வாகம்தான் வேறு. கல்லூரியை அதன் ஆசிரியர் குழுவே ஆள்கிறது. ஹாலை நடத்துவதில் அதை நிறுவிய கிறிஸ்தவ சபைக்கும் பங்கு உண்டு.

ஹால்கள் உருவானதற்குக் காரணமே விலக்கிவைப்புதான். ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திடாதவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் நெடுங்காலம் இடமில்லை. 1854-லும் 1871-லும் வந்த சட்டங்கள் அந்தக் கதவைத் திறந்தன. கத்தோலிக்கர்களுக்கோ சொந்த ஆயர்களின் தடையும் இருந்தது. 1895-ல்தான் ரோம் அதைத் தளர்த்தியது. மறு ஆண்டே இயேசு சபையினர், நம் வீரமாமுனிவரின் சபையினர், ஒரு ஹாலைத் தொடங்கிவிட்டார்கள். 1581-ல் தூக்கிலிடப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் எட்மண்ட் கேம்பியனின் பெயரை அது பின்னர் ஏற்றது. அதன் இன்றைய கட்டடத்தை 1930-களில் வடிவமைத்தவர், புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸ். சிற்றாலய விளக்குகளில் கர்தினால்களின் தொப்பியில் தொங்குவதுபோன்ற சிவப்புக் குஞ்சங்கள்!

டொமினிக்கன் சபையினரின் பிளாக்ஃபிரையர்ஸ் கதை இன்னும் உருக்கமானது. அவர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு முதலில் வந்தது 1221 ஆகஸ்ட் 15. எட்டாம் ஹென்றி காலத்தில், 1538-ல், வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்து புதிய மடத்துக்கு அடிக்கல் நாட்டியது 1921 ஆகஸ்ட் 15. சரியாக எழுநூறு ஆண்டுகள். இந்த நினைவாற்றலும் பொறுமையும் என்னை வியக்கவைக்கின்றன.

பாப்டிஸ்டுகளின் ரீஜன்ட்ஸ் பார்க் கல்லூரி, பெயரில் கல்லூரி என்றாலும் அதுவும் ஹால்தான், நமக்கு இன்னும் நெருக்கம். செராம்பூரில் அச்சகம் நடத்திய வில்லியம் கேரியின் கடிதங்கள் அங்குள்ள ஆங்கஸ் நூலகத்தில் இருக்கின்றன. இந்திய மிஷன் வரலாற்றை எழுதுகிறவர் அதைத் தவிர்க்க முடியாது.

ஆனால் ஹால்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கப்புச்சின் துறவிகளின் கிரேஃபிரையர்ஸ் 2008-ல் மூடப்பட்டது. செயின்ட் பெனட்ஸின் நிதிநிலையில் நம்பிக்கை இல்லாமல் பல்கலைக்கழகம் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. 2022-ல் அதுவும் மூடப்பட்டது. கட்டடம் செயின்ட் ஹில்டாஸ் கல்லூரிக்குப் போயிற்று. கணக்கு பார்ப்பது பல்கலைக்கழகத்தின் கடமைதான். ஆனாலும் இத்தனை செல்வம் படைத்த ஆக்ஸ்ஃபோர்டு, 125 ஆண்டு பழமையான ஒரு சின்ன ஹாலைக் கைவிட்டிருக்கக் கூடாது.