வரி குறைந்தது, வழி எங்கே?
மும்பையில் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் எதிர்நோக்கும் கேள்வி

புது தில்லி: உழைப்பாளிக்கு ஒரு சைக்கிளும் ஒரு ஜோடி காலணியும் ஆடம்பரமல்ல. ஆனால், சரக்கு மற்றும் சேவை வரி விதிப்பு இதை உணர்வதற்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சாரக் காருக்கு 5 சதவீத வரி; சாதாரண சைக்கிளுக்கோ 12 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட காலணிகளுக்கு 5 சதவீதமாக இருந்த வரியும் 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22-ம் தேதிதான் சைக்கிளுக்கும், 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கும் வரி 5 சதவீதமாகக் குறைந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் நீங்கலாகப் பிற வேலை செய்வோரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் சைக்கிளில் பணிக்குச் சென்றனர். நடந்து சென்றோர் 22 சதவீதத்துக்கும் அதிகம்.

எது ஏற்றது?

தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகள் பெரும்பாலும் சமதளமானவை. கியர் சைக்கிள் அவசியமில்லை. நிமிர்ந்து அமரும் வகையில் ஹேண்டில்பார், இரு சக்கரங்களுக்கும் மட்கார்டு, வேட்டியோ கால்சட்டையோ சிக்காதபடி செயின் கவர், சாப்பாட்டுப் பைக்கு கேரியர் ஆகியவை போதும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமாறு சீட்டின் உயரம் அமைந்தால் மூட்டு வலிக்காது.

ரப்பர் செருப்பு ஈரத்தில் பெடலைவிட்டு வழுக்கும். தோல் பொருள்களுக்குப் பெயர்பெற்ற தாராவியிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தோல் ஷூ உதவாது. குதிகாலில் வார் உள்ள, தண்ணீர் தங்காத, அடிப்பாகம் உறுதியான சாண்டலே நல்லது.

சாலையில் இடமில்லை

எவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஓட்டுவதற்குப் பாதை வேண்டும். வாகனங்களை அல்ல, மக்களை முன்னிறுத்தியே சாலைகளைத் திட்டமிட வேண்டும் என்று 2006-ல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. சைக்கிளுக்குத் தனிப் பாதையையும் அது வலியுறுத்தியது.

நடந்தது வேறு. செம்பூரையும் தென்மும்பையையும் இணைக்க 2013-ல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுப் பாதையில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் வரும் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011-ல் சைக்கிள் பாதை அமைக்கப்பட்டது. அதில் கார்களே நிறுத்தப்பட்டன. வாகனங்களுக்கு இடம் போதவில்லை எனக் கூறி, 2025-ல் அதை அகற்றவும் முடிவெடுக்கப்பட்டது. முலுண்டிலிருந்து தாராவி வரை தான்சா குடிநீர்க் குழாயையொட்டி 39 கி.மீ. சைக்கிள் பாதை அமைக்கும் மாநகராட்சியின் திட்டமும் அறிவிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்துவிட்டன.

வரியைக் குறைத்ததால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். லாரிக்கும் பேருந்துக்கும் இடையே சைக்கிள் ஓட்டுபவருக்கு அது பாதுகாப்பாகிவிடாது. உழைப்பாளியின் வாகனத்துக்கு மத்திய அரசு கொடுத்த சலுகை முழுமை பெற, மாநில அரசும் மாநகராட்சியும் சாலையோரத்தில் ஆறடி ஒதுக்க முன்வர வேண்டும்.