உங்களுக்குத் தெரியுமா? கோர்ட்டுக்குள் ஒரு மாட்டு மந்தை!

நீதிமன்ற ஆவணங்களில் மிடுக்காக வரும் 'பெக்யூனியரி' (பணம் சார்ந்த) என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், கால்நடை!

• லத்தீனில் 'பெகுஸ்' என்றால் கால்நடை. அதிலிருந்து வந்த 'பெகூனியா' என்றால் பணம். அந்தக் காலத்தில் மந்தைதானே பேங்க் பேலன்ஸ்!

• தமிழிலும் மாடு செல்வம்தான். 400ஆவது குறளில் 'மாடு' என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.

• பேச்சில் யாரும் 'பெக்யூனியரி' என்பதில்லை, சட்டத்தில்தான் புழக்கம். எவ்வளவு தொகை வரையிலான வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற வரம்புக்கு 'பெக்யூனியரி ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று பெயர்.

• நுகர்வோர் வழக்கா? நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம்.