கோலுக்கு முந்தும் கூச்சல்

2015 டிசம்பர் 20. கோவாவின் பட்டோர்டா மைதானத்தில் ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதியாட்டம். வெளியூரில் ஆடிய சென்னையின் எஃப்.சி. ஆட்டம் முடியும் தறுவாயில் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழுந்தன. 3–2 என வெற்றி!

இத்தகைய ஆட்டத்தை முதுகுளத்தூரில் தொலைக்காட்சியில் காணும் ரசிகருக்கு ஒரு சங்கடம் நேர்வதுண்டு. திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும், அடுத்த வீட்டிலோ "கோல்!" என்ற கூச்சல் எழும். நேரடி ஒளிபரப்பு இரு வீடுகளுக்கு இரு நேரங்களில் வருவானேன்?

தூரம் காரணமன்று. கோவா சுமார் 800 கிலோமீட்டர் தொலைவு. மைதானத்தின் ஆரவாரம் காற்றின் வழியே இங்கு வர முடிந்தால் 40 நிமிடம் ஆகும். ரேடியோ அலைகளோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்பவை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக் கோளுக்கு ஏறி இறங்க அவற்றுக்குக் கால் வினாடியே போதும்.

தாமதம் பெரும்பாலும் படங்களைச் சுருக்குவதால் வருகிறது. வினாடிக்கு 25 படங்களை முழுமையாக அனுப்புவது பெருஞ்சுமை. எனவே கருவி முன்பின் படங்களை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. பின்வரும் படத்தோடு ஒப்பிட, அது வரும்வரை காத்திருக்க வேண்டுமல்லவா? வீட்டிலுள்ள பெட்டி அதை மீண்டும் விரிக்கவும் நேரமாகிறது. இவ்வாறு சில வினாடிகள் கழிகின்றன. இணையவழிக் கைபேசியில் இன்னும் தாமதம். அங்கே படம் துண்டு துண்டாக வந்து, சில துண்டுகள் சேர்ந்த பின்னரே ஓடும்.

ஆகவே அடுத்த வீட்டார் சோதிடர் அல்லர். அவருடைய பெட்டி சற்று முந்திக்கொண்டது, அவ்வளவே. நாம் கைகூப்பி வேண்டும் நேரத்தில், மைதானத்தில் பந்து வலைக்குள் புகுந்து சில வினாடிகள் ஆகியிருக்கும்!