737-800 விமானத்தை 737-700 ஆக மாற்றலாம்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் உங்களிடம் உள்ளதா? அதில் வரும் போயிங் 737-800 விமானத்தை 737-700 போலப் பறக்க வைக்கலாம். இரண்டுக்கும் இறக்கை ஒன்றே. உடலின் நீளமும் எடையும்தான் வேறு.

சிம்ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஏர்பிளேன்ஸ் ஃபோல்டரைத் திறவுங்கள். 737-800 ஃபோல்டரைக் காப்பி செய்து, அங்கேயே பேஸ்ட் செய்து வேறு பெயர் கொடுங்கள். ஒரிஜினலைத் தொட வேண்டாம்.

புதிய ஃபோல்டரில் உள்ள ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி ஃபைலை நோட்பேடில் திறவுங்கள். டைட்டில் எனத் தொடங்கும் எல்லா வரிகளிலும் பெயரை மாற்றுங்கள். ஒரே டைட்டில் இரண்டு விமானங்களுக்கு இருக்கக் கூடாது.

அடுத்தது எடை. இதைப் பவுண்டில் தர வேண்டும். மேக்ஸ் கிராஸ் வெயிட் 154500, எம்ப்டி வெயிட் 83000 என மாற்றுங்கள். எடையை மட்டும் குறைத்தால் விமானம் ராக்கெட் போல ஏறும். எனவே ஸ்டேட்டிக் த்ரஸ்ட் அளவையும் 24000 ஆக்குங்கள். எரிபொருள் டேங்க் அளவு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அதை மாற்ற வேண்டியதில்லை.

கான்டாக்ட் பாயிண்ட்ஸ் பகுதியில் கை வைக்காதீர்கள். சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்கள் அங்குதான் உள்ளன. மாற்றினால் சக்கரம் ரன்வேயில் புதையும், அல்லது அந்தரத்தில் நிற்கும்.

வெளித்தோற்றம் எம்டிஎல் ஃபைலில் இருப்பதால் பார்வைக்கு அது 737-800 ஆகவே தெரியும். ஆனால் எடை குறைந்துள்ளதால் தரையிறங்கும் வேகத்தையும் குறைக்க வேண்டும். பழைய வேகத்திலேயே இறக்கினால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். சிறிய ரன்வேயில் முயன்று பாருங்கள், வித்தியாசம் புரியும்.