ஒரே ஊசிக்குழலில் இரண்டு மருந்து

பச்சிளம் பேரனுக்குக் குருதித்தொற்று. விடுதியில் ஒரு அன்ரிபயோட்டிக்கை ஏற்றி, சேலைன் விட்டுக் குழாயைக் கழுவிய பிறகுதான் மற்றதை ஏற்றினார்களாம். 'இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் என்ன?' என்று கேட்கிறார் உடையார்கட்டு வாசகி ஒருவர்.

அவை பெரும்பாலும் அம்பிசிலினும் ஜென்டாமைசினுமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சோடி அது. அம்பிசிலின் கிருமியின் சுவரைப் பழுதாக்க, ஜென்டாமைசின் உள்ளே புகுந்து புரத உற்பத்தியைக் குலைக்கிறது. உடலுக்குள் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்பவை ஊசிக்குழலுக்குள் பகையாளிகள்.

அம்பிசிலினின் உயிர்நிலை நான்கு அணுக்களாலான ஒரு வளையம். இயல்பான கோணத்துக்கு மாறாக வளைத்து இறுக்கியிருப்பதால், விசை ஏற்றிய எலிப்பொறிபோலத் தெறிக்கக் காத்திருக்கும். சுவர் கட்டும் நொதியம் தொட்டதும் வளையம் விரிந்து அதைக் கவ்விக்கொள்ளும். ஆனால் பொறிக்கு எலியும் பூனையும் ஒன்றுதான். இங்கே பூனை ஜென்டாமைசின்: வளையம் கவ்வக்கூடிய அமைன் கைகள் அதில் பல உண்டு. பொறியையும் பூனையையும் ஒரே சாக்கில் கட்டித் தூக்கிப்போனால், வீடு சேருமுன் பூனையின் கால் அகப்பட்டுவிடும். பொறியும் வீண், பூனையும் நொண்டி, எலிக்குக் கொண்டாட்டம். பொறி அடுப்படியிலும் பூனை முற்றத்திலும் இருந்தால் அந்த ஆபத்துக் குறைவு. குருதியில் மருந்துகள் ஐதாகிப் பரவுவதும் அப்படித்தான். சிறுநீரகம் பழுதானவரிலோ இரண்டும் நெடுநேரம் தங்குவதால், வீட்டுக்குள்ளேயும் பூனை அகப்படும். தாதி விட்ட சேலைன், முதல் மருந்தின் மிச்சத்தைச் சாக்கிலிருந்து, அதாவது குழாயிலிருந்து, தள்ளிவிடுகிறது.

அம்பிசிலினைப் போலவே பென்சிலின் இனத்தைச் சேர்ந்த கார்பெனிசிலின் ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்வதை மக்லாலினும் ரீவ்ஸும் 1971 இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கேள்வி வந்த உடையார்கட்டுக்கு, மருந்தே இல்லாத வேறொரு வரலாறும் உண்டு. போர் நடந்த 2009 ஜனவரியில் அங்கே இயங்கிய தற்காலிக வைத்தியசாலை செல்வீச்சுக்கு உள்ளானது. மார்ச்சில் வன்னியின் சுகாதாரப் பணிப்பாளர்கள் இருவர், அன்ரிபயோட்டிக்கும் இல்லை, நாளத்தில் ஏற்ற ஒரு போத்தல் திரவமும் இல்லை என்று அரசுக்கு எழுதினார்கள். எதை எதனோடு கலக்கலாம் என்று கேட்கவே வழியில்லாத காலம்.

'கலந்தும் தெளிவாகத்தானே இருக்கிறது' என்ற பேச்சை நம்பவேண்டாம். சில கலவைகள் கலங்கிக் காட்டிக்கொடுக்கும்: செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்ரிபயோட்டிக் கல்சியத்தோடு சேர்ந்தால் படிவு உண்டாகும். நாளத்தில் ஏற்றும் ஹார்ட்மன் திரவத்திலும் கல்சியம் உண்டு. பச்சிளங் குழந்தைகள் சிலரின் மரணத்துக்குப் பின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அந்தப் படிவு காணப்பட்டதால், 2007 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அம்பிசிலின், ஜென்டாமைசின் கலவையோ கலங்காமலேயே வீரியம் இழக்கலாம். 'பொருந்தும்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் தரும் கைபேசிச் செயலிகளையும் அளவோடுதான் நம்பவேண்டும்: அந்த விடை ஒரு குறித்த செறிவுக்கும் ஒரு குறித்த நேரத்துக்கும் மட்டுமே உரியது.

குருதி எடுத்த பிறகும் இவ்விரு மருந்துகளுக்கிடையிலான வினை ஓய்வதில்லை. ஜென்டாமைசின் அளவு பார்க்க எடுத்த மாதிரியைச் சோதிக்கத் தாமதித்தால், சோதனைக் குழாய்க்குள்ளும் பென்சிலின் இனம் அதைச் சிதைத்துக்கொண்டிருக்கும். ஆய்வுகூட முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் காதும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். மாதிரியை உடனே சோதிக்கவேண்டும், முடியாவிட்டால் உறைநிலையில் வைக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.