பெயரில் ஒளிந்திருக்கும் பிழை

2000ஆம் ஆண்டு ஜனவரி 1. அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிக்கும் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம், அன்றைய ஆண்டை 19100 என்று காட்டியது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் குறித்த கணினிகளுக்கு ஒய்2கே கோளாறு வரப்போகிறது என்று உலகமே பல ஆண்டுகளாகத் தயாராகிக்கொண்டிருந்த நாள் அது. அப்படியும் இந்த எண் அன்று பல இணையப் பக்கங்களில் தலைகாட்டியது.

இந்த வகைப் பிழை பிறக்கும் விதத்தை ஜாவாஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் மொழியில் தெளிவாகப் பார்க்கலாம். அதில் ‘கெட்இயர்’ என்றொரு ஃபங்ஷன் உண்டு. ‘ஆண்டைக் கொடு’ என்று சொல்லும் பெயர். ஆனால் அது கொடுப்பது ஆண்டு அல்ல, ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்த மீதி. 1999இல் கேட்டால் 99 என்றது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் வருகிறது என்று எடுத்துக்கொண்ட புரோகிராமர்கள், முன்னால் ஒரு ‘19’ஐ ஒட்டிவிட்டார்கள். எல்லாம் சரியாகவே ஓடியது. 2000 பிறந்ததும் அந்த ஃபங்ஷன் தன் கணக்குப்படி 100 என்றது. ஒட்டி வைத்த 19 முன்னால் நிற்க, 19100 ஆகிவிட்டது.

ஃபங்ஷன் தவறு செய்யவில்லை. எப்படி எழுதப்பட்டதோ அப்படியே ஓடியது. தவறு அதன் பெயரில் இருந்தது.

ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒன்றாகத் திரட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால் அது ஃபங்ஷன். அப்படிப்பட்ட ஃபங்ஷன்களின் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். எழுதுகிறவர்கள் ஒரு சிலர். எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் லட்சக்கணக்கில். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. பெயரை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் லைப்ரரி எழுதுகிறவருக்குப் பெயர் வைப்பது கடைசி நேர ஒப்பனை வேலை இல்லை. கோட் எழுதுவதற்குச் சமமான பொறுப்பு.

‘கெட்இயர்’ தனி ஆளும் இல்லை. அதன் பக்கத்திலேயே ‘கெட்டே’, ‘கெட்டேட்’ என இரண்டு இருக்கின்றன. முதலாவது கிழமையைத் தரும், ஞாயிறு என்றால் 0. தேதி வேண்டுமானால் இரண்டாவதைக் கேட்க வேண்டும். ‘கெட்மந்த்’ ஜனவரியை 0 என்றும் டிசம்பரை 11 என்றும் சொல்லும். முதல்முறை பயன்படுத்துகிற எவரும் ஒருமுறையாவது இதில் தடுக்கி விழாமல் இருப்பது அபூர்வம். பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார். தேதிப் பகுதி ஜாவா மொழியிலிருந்து அப்படியே பெயர்த்து எடுக்கப்பட்டது. 1900ஐக் கழிக்கும் வழக்கமோ அதற்கும் பழைய சி மொழியிலேயே இருந்தது.

ஜாவாக்காரர்கள் 1997இலேயே ‘இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று தங்கள் ‘கெட்இயர்’ மீது எழுதி வைத்தார்கள். 2014இல் வந்த ஜாவா 8, தேதிக்கென்று புதிய தொகுப்பையே கொண்டுவந்தது. அதில் இருப்பவை ‘கெட்டேஆஃப்மந்த்’, ‘கெட்டேஆஃப்வீக்’, ‘கெட்மந்த்வேல்யூ’. மாதத்தின் நாளா, வாரத்தின் நாளா என்று பெயரே சொல்லிவிடுகிறது. ‘கெட்இயர்’ அங்கும் உண்டு, ஆனால் அது உண்மையான ஆண்டையே தருகிறது. பெயர் கொஞ்சம் நீண்டதற்காக யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. ஜாவாஸ்கிரிப்டிலோ பழைய ‘கெட்இயர்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024இல் கேட்டவர்களுக்கு 124 என்றது.

பெயர்களைச் சுருக்கியதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. சி மொழிக்கான 1989ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்தை மட்டுமே வேறுபடுத்திப் பார்க்கும் கணினிகளுக்கும் இடம் கொடுத்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் கிடையாது. எழுத்துகளின் வரிசையான சரத்தை நகலெடுப்பது ‘எஸ்டிஆர்சிபிஒய்’ என்று ஆறு எழுத்தில் அடங்கிப்போனது இப்படித்தான். ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் ‘கிரியேட்’, முழுதாக எழுதினாலும் ஆறே எழுத்து என்றாலும், ஆங்கிலத்தில் கடைசி ‘இ’ எழுத்து இல்லாமலே நிற்கிறது. யூனிக்ஸைத் திரும்ப எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் சொன்னது புரோகிராமர்கள் மத்தியில் பிரபலம்.

விட்டுப்போன ‘இ’யால் யாருக்கும் சேதமில்லை. அதே குடும்பத்துப் பெயர் ஒன்று செய்த சேதம் பெரிது.

அது ‘எஸ்டிஆர்என்சிபிஒய்’. நகலெடுக்கும் பழைய ஃபங்ஷனின் பெயருக்கு நடுவே ஓர் ‘என்’ மட்டும் கூடுதல். பழையதில் ஓர் ஆபத்து இருந்தது: இடம் போதாவிட்டாலும் நிற்காமல் எழுதிக்கொண்டே போகும், பக்கத்து நினைவகத்தையும் அழித்துவிடும். ‘என்’ சேர்ந்ததோ இத்தனை எழுத்துக்கு மேல் நகலெடுக்காது. பார்த்தவர்கள் எல்லோரும் இது பழையதன் பாதுகாப்பான வடிவம் என்றே எடுத்துக்கொண்டார்கள். பெயர் அப்படித்தான் சொல்லாமல் சொல்கிறது.

உண்மையில் அது வேறு வேலைக்குப் பிறந்தது. பழைய யூனிக்ஸில் ஒரு கோப்பின் பெயருக்கு 14 பைட் இடம்தான். பெயர் சிறியதாக இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும். சரியாக 14 எழுத்து இருந்தால், முடிந்தது என்பதைக் காட்டும் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது, வைக்கவும் தேவையில்லை. அந்த 14 பைட் கட்டத்தை நிரப்புவதற்கு அது கச்சிதமான கருவி. சாதாரண சரத்துக்குப் பயன்படுத்தினால், சரம் நீளமாக இருக்கும்போது முடிவுக்குறி இல்லாமல் விட்டுவிடும். அடுத்து அதைப் படிக்கும் ஃபங்ஷனுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. பக்கத்தில் கடவுச்சொல் இருந்தால் அதையும் சேர்த்துப் படித்துக்கொண்டு போகும்.

லினக்ஸ் கெர்னல் குழு இதைத் தன் விலக்கப்பட்ட ஃபங்ஷன்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அவர்கள் கண்ட மாற்றுவழி கவனிக்கத்தக்கது. ஒரே பெயருக்குள் பதுங்கியிருந்த வேலைகளைப் பிரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். முடிவுக்குறியோடு சரத்தை நகலெடுக்க ஒன்று; மிச்ச இடத்தையும் நிரப்ப வேண்டுமென்றால் அதன் பின்னால் ‘பேட்’ என்ற சொல் சேர்ந்த இன்னொன்று; முடிவுக்குறியே வேண்டாத கட்டத்துக்கு, நினைவகத்துக்கு மாற்றுவதைச் சொல்லும் ‘எஸ்டிஆர்டுமெம்’. இனி நகலெடுக்கும் வரியைப் படிக்கிறவருக்கு, எழுதியவர் என்ன நினைத்தார் என்பது தெரியும்.

ஆபத்தைப் பெயரிலேயே எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள். ஃபேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியாக்ட் லைப்ரரியில், ஒரு பக்கத்துக்குள் எச்டிஎம்எல்லை நேராகக் கொண்டுபோய்ச் செருகும் வசதி உண்டு. வெளியாள் எழுதிய வரி அப்படிச் செருகப்பட்டால், பயனரின் கணக்கையே திருடிவிட முடியும். அந்த வசதியின் பெயர் ‘டேஞ்சரஸ்லிசெட்இன்னர்எச்டிஎம்எல்’. தட்டச்சு செய்யும்போதே விரல் ஒரு கணம் தயங்கும். பிறர் எழுதிய கோடைச் சரிபார்க்கிறவர் ஆயிரம் வரிக்கு நடுவிலும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அழகான பெயர் இல்லை, ஆனால் நேர்மையான பெயர்.

பைத்தான் மொழியின் பையேஎம்எல் லைப்ரரியில் நெடுங்காலம் இதற்கு நேர்மாறான நிலை. அமைப்புக் கோப்புகளைப் படிக்க அதில் ‘லோட்’, ‘சேஃப்_லோட்’ என்று இரண்டு ஃபங்ஷன்கள். அவசரத்தில் இருப்பவர் எதை எடுப்பார்? சின்னதாக, இயல்பாக இருக்கும் ‘லோட்’டைத்தான். ஆனால் கோப்புக்குள் யாராவது ஒரு கட்டளையை ஒளித்து வைத்திருந்தால், ‘லோட்’ அதையும் இயக்கிவிடும். வெறும் தரவைப் படிக்கிறோம் என்று நினைத்தவர், முன்பின் தெரியாதவரின் புரோகிராமை ஓடவிட்டிருப்பார். 2019இல் வந்த 5.1 பதிப்பு எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. 2021இல் வந்த 6.0 பதிப்பில்தான், எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லாமல் ‘லோட்’டைக் கூப்பிடவே முடியாது என்ற நிலை வந்தது. எளிய பெயரைப் பாதுகாப்பான ஃபங்ஷனுக்குக் கொடுத்து, ஆபத்தானதற்கு நீண்ட பெயரை வைத்திருந்தால் இத்தனை ஆண்டு ஆகியிருக்காது.

சி++ மொழியின் ‘எம்ப்டி’ வேறு வகைக் குழப்பம். ‘காலியாக இருக்கிறதா?’ என்று கேட்பது அது. ‘காலி செய்’ என்ற கட்டளையாகப் படித்தவர்கள் அதை எழுதிவிட்டு, பட்டியல் காலியாகிவிட்டது என்று அடுத்த வரிக்குப் போனார்கள். பட்டியல் அப்படியே இருந்தது. பதிலை வாங்காமல் ‘எம்ப்டி’யைக் கூப்பிட்டால் எச்சரிக்கும்படி 2020ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் குறித்தார்கள். ஜாவாவிலும் ஸ்விஃப்ட் மொழியிலும் ‘இஸ்எம்ப்டி’ என்று இருப்பதால் இந்தச் சிக்கலே எழவில்லை.

கேள்வி வேறு, கட்டளை வேறு என்று பெயரிலேயே காட்டும் பழக்கம் மெல்லப் பரவியிருக்கிறது. பைத்தானில் ‘சார்ட்’ என்றால் கையில் இருக்கும் பட்டியலையே வரிசைப்படுத்தும். ‘சார்ட்டட்’ மூலத்தைத் தொடாமல், வரிசைப்படுத்திய புதுப்பட்டியலைத் தரும். ஸ்விஃப்டும் இதே ஜோடியை வைத்திருக்கிறது. அதன் பெயரிடும் நெறிமுறை, கூப்பிடும் இடத்தில் தெளிவாக இருப்பதே முதல் நோக்கம், சுருக்கம் அதற்குப் பிறகுதான் என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 2023இல்தான் ‘டுசார்ட்டட்’டைச் சேர்த்துக்கொண்டது.

ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கலாம். வெளியே விட்ட பெயரைத் திரும்ப அழைப்பது அவ்வளவு கடினம். பைத்தானின் சோதனை லைப்ரரியில் ‘அஸர்ட்ஈக்வல்’ இருக்க, கடைசியில் ஓர் ‘எஸ்’ சேர்த்த ‘அஸர்ட்ஈக்வல்ஸ்’ஸும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே வேலை. வேண்டாத அந்த இரண்டாம் பெயரை விலக்குவதாக அறிவித்துப் பத்தாண்டுக்கும் மேலான பிறகு, 2023இல் வந்த 3.12 பதிப்பில்தான் நீக்க முடிந்தது.

ஒருவர் வைத்த பெயர் இன்னொருவரின் கையைக் கட்டிப்போடுவதும் உண்டு. பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதைத் தட்டையாக்கும் ஃபங்ஷனுக்கு ‘ஃபிளாட்டன்’ என்ற பெயரை ஜாவாஸ்கிரிப்ட் குழு யோசித்திருந்தது. 2018இல் ஃபயர்ஃபாக்ஸ் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் குறைந்தது ஒரு தளமாவது உடைந்தது. மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, மொழிக்குச் சொந்தமான இடத்தில் அதே பெயரை முன்பே வைத்திருந்தது. கடைசியில் ‘ஃபிளாட்’ என்று மாற்றித்தான் 2019இல் கொண்டுவந்தார்கள். பழைய தளங்களை உடைப்பதைவிடப் பெயரை விட்டுக்கொடுப்பதே மேல் என்ற அந்த முடிவு சரியானது.

தமிழில் கணினி வேலை செய்பவர்களை நேராகத் தொடும் பெயர் ஒன்று உண்டு: நீளத்தைச் சொல்லும் ‘லென்’. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? த, மி, ழ் என்று பள்ளிப் பிள்ளை மூன்று சொல்லும். பைத்தானின் ‘லென்’ 5 என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. கோ மொழியின் ‘லென்’ 15 என்கிறது. அது எண்ணுவது பைட்டுகளை. ஸ்விஃப்டின் ‘கவுன்ட்’ மட்டும் 3 என்கிறது. மூன்றும் அவரவர் கணக்கில் சரி. எதை எண்ணுகிறோம் என்பதை எந்தப் பெயரும் சொல்லவில்லை.

விளைவு திரையில் தெரியும். முதல் நான்கை மட்டும் எடு என்று பைத்தானிடம் சொன்னால், புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்று வரும். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால், புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்க, ‘மி’யில் இருந்த இகரம் ழகரத்தில் ஏறி ‘ழிமத’ என்று நிற்கும். பிஎச்பியில் இதற்கு மூன்று தனிப் பெயர்கள் இருக்கின்றன. ‘எஸ்டிஆர்லென்’ 15 தரும். ‘எம்பி_எஸ்டிஆர்லென்’ 5 தரும். ‘கிராஃபீம்_எஸ்டிஆர்லென்’ 3 தரும். ஆனால் அங்கும் வெறும் பெயர், பைட்டை எண்ணுவதற்கே போய்விட்டது. தமிழ் எழுத்தை எண்ண நினைப்பவர் ‘கிராஃபீம்’ வரை தேடிப் போக வேண்டும்.

முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்துவரும் ஓப்பன்-தமிழ் லைப்ரரி இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. அதில் ‘கெட்_லெட்டர்ஸ்’ என்று கேட்டால் த, மி, ழ் என மூன்று எழுத்தாகவே கையில் கொடுக்கும். திருப்பிப் போடுவதற்கு ‘ரிவர்ஸ்_வேர்ட்’. எழுத்து, சொல் என்று எண்ணப்படும் பொருள் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆவணத்தைப் புரட்டாமலே பயன்படுத்த முடிகிறது.

இன்று கல்லூரி மாணவர்கள் பலர் தமிழுக்கான எழுத்துப்பிழை திருத்தி, சந்திப் பிரிப்பு, பேச்சை எழுத்தாக்கும் கருவி என்று சின்னச் சின்ன லைப்ரரிகளை எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபங்ஷனை எழுதத் தொடங்கும் முன், அதைக் கூப்பிடும் ஒரே ஒரு வரியை எழுதுங்கள். உங்கள் திட்டத்தைப் பற்றி எதுவும் அறியாத நண்பர் ஒருவரிடம் அந்த வரியை மட்டும் காட்டி, இது என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் உங்கள் கோடும் ஒத்துப்போகாவிட்டால் பெயரை அப்போதே மாற்றுங்கள். முதல் பதிப்பை வெளியிடும் வரைதான் அது உங்கள் கையில் இருக்கும்.